ஒரு ‘க’வுக்கு மூணு பைட்: கம்ப்யூட்டருக்குள்ள தமிழும் நம்பரும் எப்படி உக்காந்திருக்கு?

வைகைக்கரை:
எல்லாருக்கும் வணக்கம். எங்க ஊர் நெசவாளர் சங்கத்து உறுப்பினர் லிஸ்ட கம்ப்யூட்டர்ல ஏத்துற வேலைய நான் பாத்துக்கிட்டிருக்கேன். பேர் தமிழ்ல, பக்கத்துல பேங்க் அக்கவுண்ட் நம்பர். சிஎஸ்வி ஃபைலா இறக்கி ஸ்ப்ரெட்ஷீட்ல திறந்தா தமிழ் எழுத்து ஒண்ணுகூட இல்ல, சின்ன ஏ மேல சாஞ்ச கோடு போட்ட ஒரு எழுத்தும், வட்டத்துக்குள்ள ஆர் போட்ட குறியும்தான் வரிசையா வருது. அதே ஃபைல நோட்பேட்ல திறந்தா தமிழ் ஒழுங்கா தெரியுது. அக்கவுண்ட் நம்பர்ல வேற வம்பு, நீளமான நம்பருக்கெல்லாம் கடைசி ரெண்டு மூணு இடம் சைபரா மாறி நிக்குது. கம்ப்யூட்டருக்கு 0, 1 மட்டும்தான் தெரியும்னு சொல்றாங்களே, அந்த 0, 1 ரெண்டு இடத்துலயும் ஒண்ணுதானே, அப்புறம் ஏன் ஒரு இடத்துல தமிழாவும் இன்னொரு இடத்துல குப்பையாவும் தெரியுது? வழி மட்டும் சொன்னா போதாது, காரணமும் வேணும், சங்கத்துல பெரியவங்க கேப்பாங்க.

நடுநிசி_கோடர்:
அண்ணே, ஃபைல்ல ஒரு பிட்கூட, அதாவது ஒரு 0வோ ஒரு 1ஓகூட மாறல. அத படிக்கிற விதம்தான் மாறியிருக்கு. இது ஒண்ணு பிடிபட்டுட்டா மத்ததெல்லாம் தானா வரும், அதனால கொஞ்சம் அடியில இருந்தே சொல்றேன்.

மெமரில ஒரு குட்டி இடத்துல சார்ஜ் இருக்கா இல்லையா, ஹார்ட் டிஸ்க்ல காந்தம் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா, இப்படி ரெண்டே நிலை. அதத்தான் நாம காகிதத்துல 0, 1னு எழுதுறோம். பத்து நிலை வைக்கலாம்தான், ஆனா வோல்டேஜ் லேசா ஏறி இறங்கினாலே ஆறா ஏழான்னு குழம்பிடும், ரெண்டு நிலைன்னா அந்தக் குழப்பம் வர்றது ரொம்ப அபூர்வம். அப்படி எட்டு பிட் சேந்தது ஒரு பைட், 256 விதமா அமையலாம்.

இப்ப 01000001னு ஒரு பைட் இருக்கு. இடமிருந்து வலமா ஒவ்வொரு இடத்துக்கும் மதிப்பு 128, 64, 32, 16, 8, 4, 2, 1. ஒண்ணு இருக்குற இடம் 64ம் 1ம், ஆக 65. ஆனா இது 65ங்கிற எண்ணா இல்ல ஆங்கில பெரிய ஏயான்னு அந்த பைட்டுக்குத் தெரியாது. 1963ல வந்த ஆஸ்கி அட்டவணைல 65க்கு நேரா பெரிய ஏன்னு எழுதி வச்சாங்க, எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க, அவ்வளவுதான். சின்ன ஏ 97. ரெண்டுக்கும் வித்தியாசம் 32, அதாவது ஒரே ஒரு பிட். பெரிய எழுத்த சின்ன எழுத்தா மாத்துறதுன்னா அந்த ஒரு பிட்ட மாத்தினா போதும், இத யோசிச்சுதான் அப்படி வச்சாங்க.

ஆஸ்கி ஏழு பிட், மொத்தம் 128 இடம், அதுல தமிழுக்கு ஏது இடம். உலகத்து மொழி எழுத்துக்கெல்லாம் எண் கொடுக்குற யூனிகோட் அட்டவணை வந்தப்ப ‘க’வுக்கு 2965னு ஒரு எண் கிடைச்சுது. ஒரு பைட்ல 255 வரைக்கும்தான் போகும், அதனால அந்த எண்ண பைட்டா எழுதுற யுடிஎஃப்-8ங்கிற முறைல ‘க’ மூணு பைட்டா உக்காருது:

11100000 10101110 10010101

முதல் பைட் 1110னு ஆரம்பிக்குதுல்ல, இந்த எழுத்து மூணு பைட்னு அதுதான் சொல்லுது. அடுத்த ரெண்டும் 10னு ஆரம்பிக்குது, நான் தொடர்ச்சி, தனி எழுத்து இல்லன்னு அர்த்தம். இந்த அடையாளத்த எல்லாம் கழிச்சிட்டு மிச்சத்த ஒட்டினா 0000101110010101, கூட்டிப் பாருங்க, சரியா 2965. 1992ல கென் தாம்ப்சன், ராப் பைக்னு ரெண்டு கம்ப்யூட்டர் நிபுணர்கள் நியூ ஜெர்சில ஒரு சாப்பாட்டுக் கடைல உக்காந்து போட்ட திட்டம் இது. ஆஸ்கி எழுத்து எல்லாம் பழையபடி ஒரே பைட்ல இருக்கும், நடுவுல எங்க இருந்து படிச்சாலும் அடுத்த எழுத்து எங்க தொடங்குதுன்னு கண்டுபிடிக்கலாம். நான் பாத்ததுல இதவிட அழகான வேலை கம்ப்யூட்டர்ல ரொம்ப கம்மி.

இப்ப உங்க குப்பைக்கு வாங்க. அந்த மூணு பைட்ட தனித்தனி எண்ணா எழுதினா 224, 174, 149. உங்க ஸ்ப்ரெட்ஷீட் இத யுடிஎஃப்-8னு நினைக்கல, விண்டோஸோட பழைய மேற்கு ஐரோப்பிய அட்டவணைனு நினைச்சு ஒரு பைட்டுக்கு ஒரு எழுத்தா படிச்சிருச்சு. அந்த அட்டவணைல 224 சாஞ்ச கோடு போட்ட ஏ, 174 வட்டத்துக்குள்ள ஆர், 149 ஒரு கறுப்புப் புள்ளி. தமிழ் எழுத்து எதுவா இருந்தாலும் முதல் பைட் 224தான், ரெண்டாவது 174 இல்லன்னா 175. அதனாலதான் உடைஞ்ச தமிழ் எங்க பாத்தாலும் அந்த ஏவும் ஆரும் திரும்பத் திரும்ப வருது. தமிழ் உடைஞ்சா இந்த முகம்தான், பழகிட்டா தூரத்துல இருந்தே சொல்லிடலாம்.

கடைசிபெஞ்ச்:
அண்ணா செம. நான் ஒண்ணு போட்டுப் பாத்தேன், அந்த 224, 174, 149 மூணையும் சிவப்பு பச்சை நீலம்னு கலர் பாக்ஸ்ல கொடுத்தா இளஞ்சிவப்பு கலந்த சந்தன நிறம் வருது. மூணையும் ஒரே எண்ணா சேத்துப் படிச்சா 14724757. ஒரே 24 பிட், எழுத்தா கேட்டா ‘க’, எண்ணா கேட்டா ஒன்றரைக் கோடிக்குப் பக்கம், படமா கேட்டா ஒரு நிறம். காலேஜ்ல பைனரி கன்வர்ஷன் மார்க்குக்கு போட்டோம், இத யாரும் சொல்லிக் கொடுக்கல.

வைகைக்கரை:
கோடர் தம்பி, ரொம்ப தெளிவா இருக்கு. சரி, திருத்துறது எப்படி? இன்னொரு பழைய ஃபைல்ல தமிழ் பேர் இருந்த இடத்துல வெறும் கேள்விக்குறியா இருக்கு, அதுவும் இதே கேஸ்தானா?

நடுநிசி_கோடர்:
இல்லண்ணே, அது வேற, அதுதான் ஆபத்தானது. ஏவும் ஆரும் வந்தா பைட் பத்திரமா இருக்கு, படிக்கிற அட்டவணைதான் தப்பு, மீட்டுடலாம். கட்டம் கட்டமா வந்தா அட்டவணையும் சரி, ஃபான்ட்லதான் அந்த எழுத்துக்கு வடிவம் இல்ல, வேற ஃபான்ட் போட்டா தீந்துது. ஆனா கேள்விக்குறியா வந்தா, நடுவுல ஏதோ ஒரு மென்பொருள் தமிழே இல்லாத அட்டவணைக்கு மாத்தப் பாத்து, இடம் இல்லாததால ஒவ்வொரு எழுத்தையும் 63ங்கிற எண்ணா எழுதிச் சேமிச்சிருக்கும். 63ங்கிறது நிஜமாவே கேள்விக்குறிதான். பழைய பிட் போயே போச்சு, மூலப் பிரதி இருந்தா தவிர திரும்ப வராது. அந்த ஃபைலுக்கு முந்தின பேக்கப் எங்கயாவது இருக்கான்னு உடனே தேடுங்க.

சிஎஸ்விக்கு வழி: எக்செல்னா ஃபைல டபுள் கிளிக் பண்ணாம, டேட்டா மெனுல டெக்ஸ்ட் ஃபைல்ல இருந்து எடுக்குற வழியா உள்ள வாங்க, என்கோடிங் கேக்கும், 65001 யுடிஎஃப்-8னு தேர்ந்தெடுங்க. அதே இடத்துல அக்கவுண்ட் நம்பர் இருக்குற நெடுவரிசைய டெக்ஸ்ட்னு மாத்துங்க, இது கட்டாயம்.

ஏன்னா அக்கவுண்ட் நம்பர் எண்ணே இல்ல. அத கூட்டப் போறீங்களா, பெருக்கப் போறீங்களா? அது இலக்கத்தால எழுதின ஒரு பேர். ஸ்ப்ரெட்ஷீட் அத எண்ணுன்னு எடுத்தா 64 பிட்டுக்குள்ள அடைக்கும், அதுல ஒரு பிட் கூட்டலா கழித்தலான்னு, 11 பிட் புள்ளி எங்க இருக்குன்னு, மிச்சம் 52 பிட்தான் இலக்கத்துக்கு. அந்த அமைப்புல எந்த முழு எண்ணும் விடுபடாம துல்லியமா இருக்கிறது 9007199254740992 வரைக்கும்தான், 16 இலக்கம். எக்செல் இன்னும் ஜாக்கிரதையா 15 இலக்கத்தோட நிறுத்திட்டு மிச்சத்த சைபராக்கிடும். 17 இலக்க நம்பர்னா கடைசி ரெண்டு போச்சு, சேமிச்சிட்டா அதுவும் திரும்பாது. முன்னாடி சைபர் இருந்தா அதையும் தின்னுடும். டெக்ஸ்ட்டா வச்சா ஒவ்வொரு இலக்கமும் தனி பைட், 7ங்கிற எழுத்து 55, பிட்ல 00110111, கடைசி நாலு பிட்ட பாருங்க, 0111, அது ஏழுதான். எத்தன இலக்கமா இருந்தாலும் ஒண்ணும் தொலையாது. சம்பளமோ மானியமோ வேற ஒருத்தர் அக்கவுண்டுக்குப் போனா அந்தக் குடும்பத்துக்கு என்ன பாடுன்னு உங்களுக்கே தெரியும், அதனால இத மட்டும் அலட்சியமா விட்டுடாதீங்க.

யாப்புப்பிரியை:
நான் தமிழ் டீச்சர், கணக்கு என் பாடம் இல்ல, ஆனா படிக்கப் படிக்க எங்க வகுப்பறை ஞாபகம்தான் வருது. யாப்புல அசை ரெண்டே ரெண்டு, நேர், நிரை. ஈரசைச்சீர் எத்தன? நாலு. மூவசைச்சீர் எட்டு. நாலசைச்சீர் பதினாறு. நேருக்கு 0, நிரைக்கு 1 போட்டா தேமா 00, கூவிளம் 01, புளிமா 10, கருவிளம் 11. அதோட காய் சேத்தா கடைசில 0, கனி சேத்தா கடைசில 1, எட்டும் வந்துருது. இதுக்காக நம்ம முன்னோர் கம்ப்யூட்டர் கண்டுபிடிச்சாங்கன்னு நான் சொல்ல வரல, அப்படிச் சொல்றது எனக்குப் பிடிக்கவும் பிடிக்காது. ரெண்டே பொருள வச்சு வரிசை மாத்தி மாத்தி எத்தனை வடிவம் கட்டலாம்னு எண்ணிப் பாத்து ஒவ்வொண்ணுக்கும் ஒரு வாய்பாடு வச்சாங்க, அந்த எண்ணிக்கை முறை ஒண்ணுதான். பிட் ஒண்ணு கூடினா ஏன் இரட்டிப்பாகுதுன்னு பத்தாம் வகுப்புப் பிள்ளைங்களுக்கு இப்படி ஆரம்பிச்சா உடனே ஏறும்.

கடைசிபெஞ்ச்:
டீச்சர் இது சூப்பர், நாளைக்கே கிளாஸ்ல சொல்லிடுவேன். அண்ணா எனக்கு ரெண்டு டவுட். மைனஸ் எண்ண எப்படி எழுதுறாங்க, 0, 1ல மைனஸ் குறியே இல்லையே? அப்புறம் பைத்தான்ல 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினா 0.30000000000000004னு வருது, இவ்வளவு பெரிய மெஷினுக்கு இது தெரியாதா?

நடுநிசி_கோடர்:
மைனஸுக்கு, எட்டு பிட்ல முதல் இடத்தோட மதிப்ப 128க்குப் பதிலா மைனஸ் 128னு வச்சுக்கிறாங்க, மத்த இடமெல்லாம் பழையபடி. அப்ப 11111111ங்கிறது மைனஸ் 128ம் 127ம் சேந்து மைனஸ் 1. அதே பிட்ட குறி இல்லாத எண்ணுன்னு படிச்சா 255. மறுபடியும் அதே கதை, படிக்கிறவன் முடிவு பண்றான். இதுல லாபம் என்னன்னா கூட்டுற சர்க்யூட்டே கழிக்கவும் செய்யும், தனியா ஒண்ணு கட்ட வேணாம். 32 பிட்னா மேல் எல்லை 2147483647. 1970 ஜனவரி 1ல இருந்து விநாடிய இந்த அளவுல எண்ணிட்டு வர்ற பழைய சிஸ்டம் எல்லாம் 2038 ஜனவரி 19, நம்ம நேரத்துக்கு காலைல 8 மணி 44 நிமிஷம் 7 விநாடிக்கு எல்லைய தொடும், அடுத்த விநாடி மைனஸுக்குப் போய் 1901ல நிக்கும். பெரும்பாலும் 64 பிட்டுக்கு மாத்திட்டாங்க, ஆனா எங்கயாவது ஒரு மெஷினுக்குள்ள பழைய சிப் உக்காந்திருந்தா அத யாராவது தேடி மாத்தித்தான் ஆகணும்.

0.1 விஷயம்: புள்ளிக்கு அப்புறம் பைனரில இருக்குற இடமெல்லாம் அரை, கால், அரைக்கால், மாகாணின்னு பாதி பாதியா குறையும். இதுங்கள கூட்டி எத அடைய முடியுமோ அதுமட்டும்தான் துல்லியமா இருக்கும். பத்துல ஒண்ணு அப்படி அடையாது, 0.000110011001100னு முடிவே இல்லாம ஓடும், எங்கயாவது வெட்டித்தான் ஆகணும். 1985ல ஐட்ரிபிள்ஈ 754ன்னு தரநிலை வந்ததுல இருந்து எல்லா மெஷினும் ஏறக்குறைய ஒரே மாதிரி வெட்டுது, அதனால உனக்கு வர்ற அதே 4தான் எல்லாருக்கும் கடைசில வரும்.

இது ஏதோ சில்லறை விஷயம்னு நினைக்காதே. 1991 பிப்ரவரி 25, வளைகுடாப் போர், சவுதில தஹ்ரான். எதிரி ஏவுகணைய வானத்துலயே மறிக்கிற அமெரிக்காவோட பேட்ரியாட் ஏவுகணை சிஸ்டம் நேரத்த பத்துல ஒரு விநாடியா எண்ணி, அத 0.1ஆல பெருக்கிக்கிட்டிருந்துது, அந்த 0.1 24 பிட்ல வெட்டினது. நூறு மணி நேரம் நிறுத்தாம ஓடினதுல பிழை சேந்து சேந்து ஏறத்தாழ 0.34 விநாடி ஆயிடுச்சு, அந்த நேரத்துல ஈராக்கோட ஸ்கட் ஏவுகணை அரை கிலோமீட்டருக்கு மேல பறந்துடும். தேட வேண்டிய இடத்த விட்டுட்டு வேற இடத்துல தேடிச்சு. 28 படை வீரர்கள் செத்தாங்க. பணக் கணக்கு எழுதுறப்ப இத நினைச்சுக்கோ, ரூபாய புள்ளி எண்ணா வைக்காத, பைசாவா மாத்தி முழு எண்ணா வை, இல்ல டேட்டாபேஸ்ல டெசிமல் வகை இருக்கு, அத எடு.

யாப்புப்பிரியை:
அரைக்கால், மாகாணின்னு சொன்னீங்களே, அப்ப நம்ம பழைய வாய்பாட்டுல அதெல்லாம் பைனரில துல்லியமா வரும், ஆனா ஒரு மா, அதாவது இருபதுல ஒண்ணு, வராது, சரிதானே? முந்திரி 320ல ஒண்ணு, அதுவும் வராது. ரெண்டுலயும் அஞ்சு கலந்திருக்கு.

நடுநிசி_கோடர்:
அப்படியேதான் டீச்சர். அஞ்சு எங்க கலந்தாலும் பைனரி முடியாம ஓடும். இன்னொண்ணு சொல்றேன், இந்த மா, முந்திரி, மாகாணி குறியீடெல்லாம் 2019ல யூனிகோட் 12ல தனித் தொகுதியா சேந்துருச்சு. ஆனா அதுங்களோட எண் 65535ஐத் தாண்டிப் போகுது, அதனால மூணு பைட் பத்தாது, நாலு பைட். மைசீக்வல்ங்கிற டேட்டாபேஸ்ல யுடிஎஃப்8ன்னு பேர் வச்சிருக்கிற பழைய வகை மூணு பைட் வரைக்கும்தான் தாங்கும், அதுல ‘க’ நிக்கும், முந்திரிக் குறி நிக்காது, இமோஜியும் நிக்காது. பழைய நிலப் பத்திரம், கோயில் கணக்கு எல்லாம் டிஜிட்டலா ஏத்துறவங்க யுடிஎஃப்8எம்பி4ன்னு இருக்குறத எடுக்கணும்.

எழுத்துரு_முத்து:
எல்லாம் சரி, ஆனா யாரும் அடிப்படைக் குறைய பேசல. 1991ல யூனிகோட் நமக்கு 128 இடம் ஒதுக்கிச்சு, அதுவும் இந்திய அரசோட இஸ்கி அட்டவணைய தேவநாகரி வரிசைப்படி அப்படியே எடுத்து வச்சது. ‘கி’ங்கிறது நமக்கு ஒரு எழுத்து, அதுக்கு ரெண்டு எண். ‘க்’ நமக்கு அடிப்படை, ‘க’ அதுல இருந்து பிறக்குது, யூனிகோட்ல தலைகீழ், ‘க’வ வச்சு புள்ளிய ஒட்டினாதான் ‘க்’. ‘தமிழ்’னு எழுதி நீளம் கேளுங்க, 5ன்னு சொல்லும். மூணு எழுத்துன்னு ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை சொல்லும். அதையே திருப்பி எழுதச் சொன்னா புள்ளி முதல்ல வந்து அந்தரத்துல நிக்கும், ‘மி’ல இருந்த கொக்கி ‘ழ’ மேல போய் ஏறிக்கும். கொரிய எழுத்துக்கு 1996ல 11172 அசையையும் முழுசா ஏத்திக் கொடுத்தாங்க, நமக்கு 247க்கு இடமில்லையா? இதுக்குத்தான் டேஸ்16 உருவாச்சு, ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரே 16 பிட் எண், மெய்யும் உயிரும் எதுன்னு எண்ணப் பாத்தே பிரிச்சுடலாம். 2010ல தமிழ்நாடு அரசு யூனிகோடோட சேத்து அதையும் தரமா ஏத்துக்கிச்சு.

நடுநிசி_கோடர்:
முத்து அண்ணே, கொரியா பத்தி நீங்க சொன்னது நியாயம், அந்த ஆதங்கம் எனக்கும் இருக்கு. அகர வரிசையும் அப்படித்தான், எண் வரிசைப்படி அடுக்கினா ‘ன’ போய் ‘ந’வுக்கும் ‘ப’வுக்கும் நடுவுல நிக்கும், ‘க்’ வந்து ‘கௌ’க்குப் பின்னாடி போயிரும். அதுக்குன்னு தனியா வரிசை விதி எழுதி வச்சிருக்காங்க, நல்ல மென்பொருள் அதத்தான் பயன்படுத்தும். ஆனா டேஸ்16 யூனிகோட்டோட தனியார் பயன்பாட்டுப் பகுதில உக்காந்திருக்கு. அந்தப் பகுதில எந்த எண்ணுக்கு என்ன அர்த்தம்னு உலகம் ஒத்துக்கல, நீங்க அனுப்புற மெசேஜ் என் ஃபோன்ல கட்டமா வரும். 65க்கு நேரா ஏன்னு எல்லாரும் ஒத்துக்கிட்டதாலதான் அது ஏ. நல்ல அட்டவணையா இருந்தாலும் நாலு பேர் மட்டும் வச்சிருந்தா அது எழுத்தா ஆகாது. நீளம் எண்ணுறதுக்கு எழுத்துக் கொத்தா எண்ணுற வழி இப்ப பல ப்ரோக்ராமிங் மொழிலயும் இருக்கு, ‘தமிழ்’னா மூணுன்னே வரும்.

எழுத்துரு_முத்து:
அப்ப தேடுறப்ப வர்ற சிக்கல்? ‘கொ’வ ரெண்டு விதமா எழுதலாம். ‘க’வும் ஒகரக் குறியும்னு ரெண்டு எண்ணு, இல்ல ‘க’, ஒத்தக் கொம்பு, கால்னு மூணு எண்ணு. கண்ணுக்கு ஒண்ணு, பிட்ல வேற, ஒண்ணு 6 பைட், இன்னொண்ணு 9. ‘கொடியரசு’ன்னு தேடுனா பாதி பேர் வர மாட்டாங்க.

நடுநிசி_கோடர்:
அது உண்மையான பிரச்சினை, மறுக்கல. அதுக்கு நார்மலைசேஷன்னு ஒரு படி இருக்கு, சேமிக்கிறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் என்எஃப்சி வடிவத்துக்கு மாத்தினா ‘கொ’ ரெண்டு எண்ணா ஒண்ணாயிடும். வைகைக்கரை அண்ணே, உங்க லிஸ்ட்டுக்கு இத கண்டிப்பா ஓட்டுங்க. ஆனா ‘ஸ்ரீ’ மட்டும் இதுல சிக்காது. 2005க்கு முன்னாடி ‘ஸ’வ வச்சு எழுதினது ஒண்ணு, 2005ல ‘ஶ’ன்னு புது எழுத்து சேந்ததுக்கு அப்புறம் அத வச்சு எழுதினது இன்னொண்ணு, பல ஃபான்ட்ல ரெண்டும் ஒரே உருவம். ஸ்ரீதர், ஸ்ரீதேவின்னு பேர் இருந்தா ரெண்டு விதமாவும் தேடிப் பாருங்க.

மணல்வீடு:
நான் மட்டக்களப்பில இருந்து எழுதுறன். இங்க எஸ்எம்எஸ் பற்றியும் ஒருக்கா சொல்லுங்கோ, இங்கிலீசில 160 எழுத்து போகுது, தமிழில 70ஓட அடுத்த மெசேஜ் ஆகிடுது. மற்றது எங்கட சனசமூக நிலையத்தில பழைய விழா மலர்கள் கனக்க பாமினி எழுத்துருவில அடிச்சு வச்சிருக்கு. இப்ப ஃபோனில திறந்தா ‘அம்மா’ எண்ட இடத்தில எம், கே, செமிகோலன், கே, எச் எண்டு கிடக்கு. இது கோடர் சொன்ன எந்த வகை?

நடுநிசி_கோடர்:
எஸ்எம்எஸ் ஒண்ணுக்கு 140 பைட், அதாவது 1120 பிட். ஏழு பிட் எழுத்துன்னா 160, தமிழுக்கு 16 பிட் வேணும், 1120ஐ 16ஆல வகுத்தா 70. ‘கி’ ரெண்டு எண்ணுங்கிறதால கைல வர்ற எழுத்து இன்னும் குறையும்.

பாமினி நான் மேல சொன்ன மூணு வகையிலயும் வராது. அந்த ஃபைல்ல தமிழே கிடையாது. இருக்குறது 109, 107, 59, 107, 104, எல்லாம் ஆஸ்கி. ஃபான்ட்தான் எம்முக்கு ‘அ’வோட படத்தையும், கேக்கு ‘ம’ படத்தையும், செமிகோலனுக்கு புள்ளியையும், எச்சுக்கு காலையும் வரைஞ்சு காட்டிச்சு. படிக்கிற அட்டவணை ஃபான்ட்டுக்குள்ள இருந்துது, ஃபைல்ல அதுக்கு அடையாளம் வேர்ட் டாக்குமெண்ட்டா இருந்தா மட்டும் இருக்கும், வெறும் டெக்ஸ்ட்டா எடுத்தா அதுவும் போயிடும்.

எழுத்துரு_முத்து:
மணல்வீடு, இதுல நான் உதவுறேன், இந்தக் காலத்து எழுத்துருதான் என் வேலையே. பாமினிக்கு கன்வர்ட்டர் நிறைய இருக்கு, மாத்துறது சுலபம். மாத்துறதுக்கு முன்னாடி ஒவ்வொரு ஃபைலும் எந்த எழுத்துருல அடிச்சதுன்னு ஒரு பட்டியல் போடுங்க. தமிழ்நாட்டுல டாம், டாப், டிஸ்கின்னு வேற வேற அட்டவணை ஓடிச்சு, ஒரே மலர்ல கூட தலைப்பு ஒரு ஃபான்ட், உள்ள வேற ஃபான்ட்னு கலந்து கிடக்கும், பாமினி கன்வர்ட்டர்ல மத்தத போட்டா குப்பைதான் வரும். அச்சுப் பிரதி இருந்தா பக்கத்துல வச்சு ஒத்துப் பாருங்க, பக்கத்துல ஆங்கிலம் கலந்திருந்தா அந்த வரிய தனியா எடுத்து வச்சிருங்க, இல்லன்னா ஆங்கிலத்தையும் தமிழாக்கிடும். மாத்தினதுக்கு அப்புறமும் பழைய ஃபைல அழிக்க வேண்டாம், அந்த ஃபான்ட் ஃபைலையும் அதே ஃபோல்டர்லயே வைங்க.